உ.வே.சா. பற்றி எழுதும்போது சான்றோடு எழுதுங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழறிஞர்களின் வாழ்க்கை வரலாற்றைத் தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகழ்ச்சியைக் குறைத்துத் தகவலைக் கூட்டுங்கள்.

உ.வே.சாமிநாதையரையே எடுத்துக்கொள்வோம். "சங்க இலக்கியம் முழுவதையும் தனியொருவராக மீட்டவர்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுவல்ல. கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம்பிள்ளை. நற்றிணைக்கு உரை கண்டு பதிப்பித்தவர் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர். அது 1915இல் வந்தது. அதே ஆண்டில் சௌரிப்பெருமாள் அரங்கனாரின் குறுந்தொகையும் வந்துவிட்டது. உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு 1937இல்தான். புகழ்வதாக நினைத்து எழுதும் ஒரு வரி இத்தனை பேர் உழைப்பையும் துடைத்துப் போட்டுவிடுகிறது. சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894 என்று வரிசையாகச் சொன்னாலே அவர் செய்த வேலையின் அளவு தெரிந்துவிடுமே!

சரி, அந்த மாதிரி வரியை நீக்கினால்? திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். சான்று கேட்டால் ஏதாவது வலைப்பூவைக் காட்டுவார்கள். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, அந்த வரி எந்தத் தேதியில் சேர்ந்தது என்று பாருங்கள். பல நேரம் வலைப்பூ அதற்குப் பிந்தியதாக இருக்கும். விக்கியிலிருந்து போனதே விக்கிக்குச் சான்றாகத் திரும்பி வருகிறது. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். பிழை ஒன்றாக இருந்தது, இப்போது ஆதாரத்தோடு நிற்கிறது.

அவருடைய தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலை மட்டும் வைத்து எழுதுவதும் போதாது. அவர் எங்கே படித்தார், யாரிடம் ஏடு வாங்கினார் என்பதற்கு அது அருமையான சான்று. ஆனால் அவருடைய பதிப்புகளின் தரத்தை மதிப்பிட மற்றவர்கள் எழுதிய ஆய்வுகள் வேண்டும். அந்த நூல் அவர் வாழ்க்கை முழுவதையும் சொல்லி முடிக்கவும் இல்லை.

ஏடு கொடுத்தவர்களின் பெயரை முகவுரையில் எழுதி, ஏட்டுக்கு ஏடு சொற்கள் மாறும் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டிய மனிதர் அவர். அவரைப் பற்றிய கட்டுரையில் சான்றில்லாத வரி இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. தலைப்புப் பக்கத்தைப் பார்த்து ஆண்டையும் அச்சகத்தையும் சரிபாருங்கள். முகவுரையைப் படித்துப் பக்க எண்ணோடு மேற்கோள் கொடுங்கள். யாராவது மறுத்தால் வரியை மாற்றி மாற்றி மீளமைக்க வேண்டாம். உரையாடல் பக்கத்தில் சான்றை வைத்துப் பேசுங்கள். அப்புறம், தாமோதரம்பிள்ளை, அரங்கனார் கட்டுரைகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கேயும் வேலை இருக்கிறது.