விசாவும் வர்க்கியும்

லீவுக்குக் குன்னூர் வந்து நாலு நாள்தான் ஆகிறது. டீக்குத் தொட்டுக்கொள்ளும் மொறுமொறு வர்க்கி வாங்கப் போனால், கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே, "தம்பி, எச்1பி விசாவுக்கு லட்சம் டாலராமே, உங்களையும் அனுப்பிடுவாங்களா?" என்கிறார். அமெரிக்காவில் வேலை பார்க்க வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் அந்த விசாவுக்கு 2025 செப்டம்பரில் டிரம்ப் போட்ட உத்தரவு அது, புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குத்தான், கட்டுவதும் கம்பெனிதான் என்று நான் விளக்குவதற்குள் பொட்டலம் கட்டிவிட்டார். ஸ்வெட்டரை இழுத்துவிட்டால் அதற்கும் ஒரு நக்கல்: "அமெரிக்காவுல இருந்துட்டு இந்தக் குளிரு தாங்கலையா?" அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது அண்ணே, இங்கே கம்பளிதான்!

அப்புறம், கோவையில் பிடித்த டாக்சிக்கு, வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர வேண்டிய அனுமதியான இ-பாஸ் எடுத்து, பிறந்த ஊருக்கே சுற்றுலாப் பயணி மாதிரி கல்லாறு செக்போஸ்ட்டில் காட்டிவிட்டு வந்தேனே, அதை ஒருத்தராவது விசாரிக்க வேண்டுமே? ம்ஹூம். டிரம்ப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.