ஆவாரைக்கு ஒரே வரிதானா?
வேலூர்க் குன்றுகளின் செடிகளைப் பற்றிய இக்கட்டுரை, ஆவாரையை ‘மஞ்சள் பூப்பூக்கும் மருத்துவப் புதர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அதைத் தொட்டியில் வளர்த்துத் தினமும் நீர் ஊற்றவும் சொல்கிறது. தோல் பதனிடும் ஊர்களான வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்கள் படித்தால் கோபித்துக்கொள்வார்கள். குரோமிய உப்பு வருவதற்கு முன்பு இங்கே தோல் பதனிட உதவியது ஆவாரம்பட்டையின் துவர்ப்புதான். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்னும் வேல மரவகையின் பட்டை வந்தது, அதன்பின் குரோமியம். தோல் ஆலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

பூவையும் சற்று நின்று பாருங்கள். அதில் தேன் கிடையாது. மகரந்தப்பையின் நுனியில் சிறு துளைதான் உண்டு. பெரிய கருவண்டு பூவை இறுகப் பற்றிக்கொண்டு உடலை அதிரவிட்டால்தான் மகரந்தம் உதிரும். காட்பாடிப் பக்கத்துப் பாறைச் சரிவுகளில் காலை வேளையில் அந்த ‘ர்ர்ர்’ ஒலியைக் கேட்டிருக்கிறேன். முதல்முறை ஏதோ மோட்டார் என்றே நினைத்தேன்!

தொட்டியில் வளர்த்துத் தினமும் நீர் ஊற்றச் சொல்வது சரியில்லை. இது வெயிலும் சரளை மண்ணும் கேட்கும் செடி. நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். எங்கள் ஏரிக்கரையில் முன்பு மஞ்சளாய் மண்டிக்கிடந்தது. இப்போது சீமைக்கருவேலத்தின் நிழலுக்கு வெளியே நான்கைந்து செடிகள்தான் நிற்கின்றன.