ஓட்டு இல்லாதவரும் ஆள்தான்

அமெரிக்காவின் 2020 சென்சஸ் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) படிவத்தில் எங்கள் வீட்டில் நான்கு பேர் என்று எழுதினேன். நால்வரில் ஒருவருக்கும் ஓட்டு கிடையாது. நானும் மனைவியும் விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்த குடிமக்கள், ஆனால் சின்னவர்கள். டெக்சாஸின் காலின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி), பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம், இப்படிப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய.

டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு உண்டு. தேர்தல் தொகுதிகளைப் பிரிக்க மொத்த மக்கள்தொகைக்குப் பதில் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை எழுந்தது. அதை மொத்த மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம். ஓய்வு பெற்றவர்கள் குடியேறும் கெர் கவுண்டியில் பெரும்பாலோர் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள். மெக்சிகோ எல்லையில் இருக்கும் ஹிடால்கோ அப்படியில்லை. அங்கே 8 லட்சத்து 70 ஆயிரம் பேர். பத்தில் மூன்று பேர் குழந்தைகள், அதுபோகக் குடியுரிமை இல்லாத பெரியவர்களும் ஏராளம்.

வாக்கர் கவுண்டியின் கதையே வேறு. ஹன்ட்ஸ்வில் சிறைகளில் இருப்பவர்களை அந்த ஊர்க்காரர்களாகவே எண்ணுகிறார்கள். வயதும் குடியுரிமையும் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள், ஆனால் கடுங்குற்றத் தண்டனை முடியும்வரை ஓட்டுப் போட முடியாது.

இன்னொன்று, சென்சஸ் எல்லோரிடமும் குடியுரிமை கேட்பதில்லை. 2020 சென்சஸில் அந்தக் கேள்வியைச் சேர்க்க அரசு பார்த்தது, 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஆகவே இந்த எண்கள் ஒரு பகுதியினரை மட்டும் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வரும் மதிப்பீடுகள்தான். 2020-இல் வெறும் 64 பேர் இருந்த லவிங் கவுண்டிக்கு அப்படி ஒரு மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்புவது?

இந்தக் கணக்கை வைத்துத்தான் தொகுதிகளைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று டெக்சாஸ் வாக்காளர்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். மாநில செனட்டின் (சட்டமன்ற மேலவையின்) 31 தொகுதிகள் பற்றிய வழக்கு. 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் அப்போதிருந்த எட்டு நீதிபதிகளுமே அதை ஏற்கவில்லை. ஓட்டுப் போடாதவர்களுக்கும் அரசின் முடிவுகளில் பங்கு இருக்கிறது, பிரதிநிதி எல்லோருக்கும் பொதுவானவர் என்று தீர்ப்பை எழுதினார் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். எனக்கு அது வெறும் சட்ட வாசகம் இல்லை. நாங்கள் கட்டும் வீட்டு வரியில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. அந்தப் பள்ளியில்தான் என் பிள்ளைகள் படிக்கிறார்கள். சாலையும் வெள்ளமும் மின்வெட்டும் பாஸ்போர்ட்டைப் பார்த்து வருவதில்லை.

ஆனால் ஒரு மாநிலம் தானே விரும்பினால் இந்தக் கணக்கைப் பயன்படுத்தலாமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யாமல் விட்டுவிட்டது. பயன்படுத்தினால் ஹிடால்கோ, ஹூஸ்டன், டல்லாஸ் பக்கமெல்லாம் ஒரே பிரதிநிதியின் தலையில் இன்னும் அதிகம் பேர் ஏற்றப்படுவார்கள். குழந்தைகள் அதிகம் உள்ள ஊருக்கு இடங்கள் குறையும். இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

மூத்தவளுக்கு 2030-இல் 18 ஆகும். அடுத்த சென்சஸும் அந்த ஆண்டுதான். அதுவரை அவளை யாரும் கணக்கிலிருந்து கழித்துவிடக் கூடாது.