வாட்ஸ்அப்புக்குத் தனி ரீசார்ஜா?

"இணையச் சமநிலையை அரசு கைவிட்டுவிட்டது, இனி வாட்ஸ்அப்புக்கும் யூடியூப்புக்கும் தனித்தனி ரீசார்ஜ்" என்று பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. இணையச் சமநிலை என்றால், இணைய நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் செயலிகளையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்பது; அதைக் கைவிட்டது அமெரிக்கா. 2017 டிசம்பரில் அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் விதியை ரத்து செய்தது; 2024-இல் திரும்பக் கொண்டுவந்ததையும் 2025 ஜனவரியில் நீதிமன்றம் செல்லாது என்றது. அங்கே மக்கள் கவலைப்படுவது நியாயம்தான்.

ஆனால் அந்த முடிவு மண்டபத்து டவரைக் கட்டுப்படுத்தாது. கடலுக்குப் போகுமுன் காற்று எச்சரிக்கையை வாட்ஸ்அப்பில் பார்க்கிற வீடுகளை இப்படிப் பயமுறுத்துவது அநியாயம். இங்கே 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட ஒழுங்குமுறைப்படி, எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் இந்தியாவில் நின்றதும் இதனால்தான். 2018-இல் இணையச் சமநிலை தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உரிம நிபந்தனையிலும் சேர்ந்தது.