சாமியில் முடியும் பெயரும் 28 நாள் பணமும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 14 வருஷமாக டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர் சார்பில் பணம் தருவதாக அவர் பேங்க் உறுதி கொடுக்கும் எல்.சி.யில் இருக்கும் வாசகத்துக்கும் நம் இன்வாய்ஸில் இருக்கும் வாசகத்துக்கும் ஒரு வார்த்தை மாறினால் போதும், சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேங்க்கில் ‘டிஸ்கிரிபன்சி’ (பேப்பர் ஒத்துப்போகவில்லை) என்று நிறுத்திவிடுவார்கள். அவர்கள் யாரும் கண்டெய்னரைத் திறந்து துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. காகிதத்தைத்தான் பார்ப்பார்கள்.

விசாவும் அப்படித்தான் என்று போன இரண்டு வருஷத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். தம்பியை ஜெர்மனிக்கு அனுப்பினோம், சித்தப்பா பையனை லண்டன் அனுப்பப் பார்த்து முடியவில்லை. இரண்டு ஃபைலும் என் கையில்தான் இருந்தன. எங்கள் சொந்தத்தில் யாருக்கு விசா கிடைக்காவிட்டாலும் “அவன் நேரம் சரியில்ல” என்கிறார்கள், இல்லையென்றால் அந்த நாட்டுக்காரனைத் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் பார்த்த அளவில் ரூலை யாருமே ஒருமுறைகூட முழுசாகப் படிக்கவில்லை, அங்கேதான் எல்லாம் கோட்டை விட்டது.

முதலில் பெயர். நம் பக்கம் பாதி அப்பாக்கள் பெயர் சாமியில்தான் முடியும். பழனிசாமி, சின்னசாமி, ராமசாமி, குழந்தைசாமி. தமிழில் எழுதினால் ஒரு குழப்பமும் இல்லை. இங்கிலீஷில் எழுதும்போது ஒருவர் நடுவில் டபிள்யூ போடுவார், ஒருவர் போட மாட்டார், ரேஷன் கார்டு எழுதியவர் எஸ்ஸுக்குப் பதில் சி-எச் போட்டிருப்பார். எங்கள் அப்பாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, கூட்டுறவு பேங்க் பாஸ்புக்கில் வேறு மாதிரி. அறுபது வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. தம்பிக்குக் கல்விக் கடன் கேட்டுப் போன அன்றைக்கு மேனேஜர் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து “இதுல உங்க அப்பா யாருங்க?” என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அப்பா மூன்று அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு “மூணும் நாந்தானுங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தன் பெயருக்கே சாட்சி கொண்டுவா என்றால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

பான் கார்டில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் மாற்றி முடிக்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் கடன் பேச்சு அப்படியே நின்றது.

இனிஷியல் கதை தனி. நமக்கு சர்நேம் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் ஏராளம். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களின் முழுப் பெயரையும் சர்நேம் கட்டத்தில் போட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று மூன்று எழுத்து போடுகிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். துபாய் போகிறவர்களுக்கு 2022 நவம்பரில் இருந்து பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவே சிக்கல். ஆக, இனிமேல் யார் பாஸ்போர்ட் எடுத்தாலும் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாகப் போட்டுவிடுங்கள், அதற்கு முன்னால் அப்பாவின் பேப்பர் எல்லாவற்றிலும் ஒரே ஸ்பெல்லிங்தானா என்று பாருங்கள்.

அப்புறம் பணம். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இருந்து அது 11,904 யூரோ. அங்கே போய் இறங்கியதும் மாதம் 992 யூரோ வீதம்தான் வெளியே எடுக்க முடியும். அப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க ஒரு ராத்திரி ஆனது. “மஞ்சள் வித்த காசு, நம்ம காசு, அதை நமக்கே மாசாமாசம் எண்ணிக் குடுப்பாங்களா கண்ணு?” என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு “அதுவும் நல்லதுதான், பையன் ஒரே நாள்ல செலவு பண்ணமாட்டான்” என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டார். இதற்கும் முன்னாலேயே மார்க்‌ஷீட்டுகளைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும். 2022 நவம்பரில் இருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம், நாங்கள் கட்டியது 18,000 ரூபாய். இது எதுவும் ரகசியமில்லை, எல்லாம் அவர்கள் வெப்சைட்டில் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு தம்பியும் நானும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம், புரியாத இடத்தை மறுபடி படித்தோம். தம்பிக்கு விசா வந்துவிட்டது.

சித்தப்பா வீட்டில் அப்படி நடக்கவில்லை. ஈரோட்டில் ஒரு ஏஜெண்ட். பெயர் வேண்டாம். “நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க சாமி, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்” என்றார், சித்தப்பாவும் போட்டார். இங்கிலாந்து ஸ்டூடண்ட் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் அக்கவுண்டில் இருக்க வேண்டும், நடுவில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அந்த 28-வது நாளும் அப்ளை பண்ணும் தேதிக்கு 31 நாளுக்குள் வர வேண்டும். இன்னொன்று, பணம் மாணவர் பெயரிலோ அப்பா அம்மா அல்லது சட்டப்படியான கார்டியன் பெயரிலோ இருக்க வேண்டும். மாமன் அக்கவுண்டில் இருப்பது செல்லாது. நம் ஊரில் பிள்ளை படிப்புக்கு மாமன் எடுத்துக் கொடுப்பது சாதாரணம், கொடுக்காவிட்டால்தான் பேச்சு வரும். இங்கேயும் மாமன்தான் கொடுத்தார், நல்ல மனசோடு கொடுத்தார். முதலில் அவர் அக்கவுண்டிலேயே கிடந்தது. கடைசி நேரத்தில் சித்தப்பா அக்கவுண்டுக்கு மாற்றினார்கள். 19 நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஏஜெண்ட் அப்ளிகேஷனை அனுப்பிவிட்டார்.

மறுப்புக் கடிதம் வந்தது. அங்கே மருத்துவச் செலவுக்கென்று ஹெல்த் சர்சார்ஜாகக் கட்டியது திரும்பி வந்தது, விசா ஃபீஸ் போனது போனதுதான். பத்து நாள் பொறுத்திருந்தால் நடந்திருக்கும் காரியம்! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஏஜெண்ட் என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஃபாரம் நிரப்பத் தெரியாதவர்கள், இங்கிலீஷ் வராதவர்கள் என்ன செய்வார்கள்? உதவிக்கு ஒருவர் வேண்டும்தான். ஆனால் உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் உண்மை என்று உறுதி சொல்லி அடியில் போடும் கையெழுத்து நம்முடையது, ஏஜெண்டின் பெயர் அங்கே வராது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற டிரைவர்கள், கட்டட வேலைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பத்தாவது பாஸ் பண்ணாதவருக்குப் பெரும்பாலும் இ.சி.ஆர். (எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு) பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அதை வைத்து 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது நம் அரசாங்கத்தின் அனுமதி, வாங்கியாக வேண்டும். சர்வீஸ் சார்ஜாக ஏஜெண்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்று அரசாங்கமே வரையறை வைத்திருக்கிறது, லைசென்ஸ் உள்ளவரா என்று அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். “விசிட் விசாவுல போயிருங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். சம்பளம் வராமல் அங்கே மாட்டிக்கொண்டால், எந்த வேலைக்கு, யாரிடம் போனீர்கள் என்று காட்ட உங்கள் கையில் ஒரு காகிதம்கூட இருக்காது.

ரூல் கடுமையானதுதான், அதை நான் மறுக்கவில்லை. நாளுக்கு நாள் இறுகிக்கொண்டும் வருகிறது. ஜெர்மனி விசா மறுத்தால் தூதரகத்துக்கே எழுதி மறுபரிசீலனை கேட்கிற வழி முன்பு இருந்தது, 2025 ஜூலை 1 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது புதிதாக அப்ளை பண்ண வேண்டும், இல்லை பெர்லினில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். எங்கள் ஊர் பவானியில் இருந்து பெர்லின் கோர்ட்டுக்கு யார் போவது? முதல் தடவையே சரியாகக் கொடுப்பதுதான் நமக்கு இருக்கிற வழி.

சித்தப்பா பையன் இப்போது மறுபடி முயற்சி செய்கிறான். பழைய ஏஜெண்ட் போன் பண்ணி, பேங்க் ஸ்டேட்மெண்ட்டில் தேதியை நாங்களே சரிபண்ணித் தருகிறோம், ஃபாரத்தில் ‘இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ போட்டுவிடலாம் என்றாராம். அவன் அரை மனசாக என்னிடம் வந்தான். பொய்க் காகிதம் கொடுத்துப் பிடிபட்டால் பத்து வருஷம் வரை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்ற பக்கத்தைக் காட்டினேன். அவனுக்கு வயசு 22. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

இந்த முறை மாமன் பணம் 41 நாளாக சித்தப்பா அக்கவுண்டில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் சித்தப்பா பெயரை பேங்க்கில் உள்ளபடி திருத்தி வாங்கினோம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஃபாரத்தை அவனே நிரப்பினான். அந்தக் கேள்வி வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தான். ‘ஆம்’ போட்டு, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக மறுத்தார்கள் என்று கீழே இரண்டு வரி எழுதினான். பதில் இன்னும் வரவில்லை.