மாடு தெரியாம மட்டும் தின்னல, பசியிலயும் தின்னுச்சு

மேய்ச்சக்காட்டுல உண்ணிச்செடி, அதான் லண்டானா, மண்டிக் கெடக்குறவங்க இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. பூ அழகா இருக்குன்னு வேலியோரம் வச்சு விட்டவங்களும் படிக்கலாம்.

"மாடு தனக்கு ஆகாததுல வாய் வைக்காது"ன்னு நானும் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். அது பாதிதான் உண்மை. அந்தக் காட்டுலயே பொறந்து வளர்ந்த மாடு பெரும்பாலும் அந்தச் செடிய சீண்டாது. நான் புதுசா வாங்கிட்டு வந்த கிடேரிக்கு அதெல்லாம் என்ன தெரியும், நாள் பூரா வண்டியில பட்டினியா நின்னு வந்துச்சு, இறக்கின கையோட நான் மேய அவுத்து விட்டுட்டேன், புல்லோ தரையோட தரையா தேஞ்சு கெடக்கு, பச்சையா கண்ணுல பட்டது அந்தப் புதர் மட்டும்தான்.

மறுநாள் அசை போடல, சாணியும் போடல. பயண அலுப்புன்னு விட்டுட்டேன். அப்புறம் பார்த்தா வெயிலுக்கே வரமாட்டேங்குது, நிழல்லயே நிக்குது, கண்ணெல்லாம் மஞ்சள். கருப்பு வெள்ளை மாடு அது, வெள்ளையா இருந்த இடத்துல மட்டும் தோலு வெந்து உரியுது, கருப்புத் திட்டுல ஒன்னுமே ஆகல. யாரோ வெந்நிய ஊத்திட்டாங்கன்னு பக்கத்துக் காட்டுக்காரர சந்தேகப்பட்டேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

டாக்டர் வந்துதான் விளக்குனார். அந்தத் தழையில லண்டாடீன்னு ஒரு விஷம் இருக்கு, அது ஈரலைத் தாக்கி பித்தம் போற வழிய அடைச்சிடும். மாடு தின்ற புல்லோட பச்சையம் வயித்துல உடையும்போது ஒரு பொருள் உண்டாகும், சாதாரணமா ஈரல் அதைப் பித்தத்தோட வெளிய தள்ளிடும், இங்க தள்ள முடியாததால ரத்தத்துல கலந்து தோலுக்கு வருது, வெயில் பட்டதும் தோலைப் பொசுக்குது. கருப்புத் தோலு வெயில தாங்கிக்கும், வெள்ளை தாங்காது. அதைவிட மோசம், வயிறு அசையாம நின்னு போறதால தின்ன தழை உள்ளயே கெடந்து விஷத்தை விட்டுக்கிட்டே இருக்கும். அதனால "ரெண்டு நாள் பார்ப்போம்"ங்குற பேச்சே இங்க ஆகாது. டியூப் போட்டு ஆக்டிவேட்டட் சார்கோல், அதான் விஷத்தை உறிஞ்சுற மருந்துக் கரித்தூள், கரைச்சு ஊத்துனாங்க, வெயில் படாம கட்டி வச்சோம். பொழைச்சிடுச்சு, ஆனா தேற ரொம்ப நாளாச்சு.

சரி, செடிய என்ன பண்றது? நான் யோசனை கேட்டவங்கள்ல பாதிப் பேரு கொளுத்துன்னாங்க, பாதிப் பேரு ஜேசிபி விடுன்னாங்க. நான் மேலாப்புல வெட்டிக் கொளுத்தியும் பார்த்துட்டேன். ஒரு மழைதான் பேஞ்சுது, அடிக்கட்டையில இருந்து ஒன்னுக்கு நாலா தழைச்சு முன்னைவிட அடர்த்தியா நிக்குது. தரைக்கு மேல எவ்வளவு வெட்டுனாலும் அதுக்கு முடி வெட்டி விட்ட மாதிரிதான். மண்ணை விலக்கி, வேரும் தண்டும் சேர்ற கழுத்துக்குக் கீழ, 3-5 சென்டிமீட்டர் ஆழத்துல ஆணிவேரை அறுத்தாதான் சாகுது. வெட்டுனதைத் தலைகீழா கவுத்துப் போடணும், இல்லன்னா தரையில பட்ட கிளை வேர் விட்டுக்கும். காஞ்ச தழையும் விஷம்தான், அதனால கட்டுத்தறி பக்கம் குவிச்சு வைக்காதீங்க. களைக்கொல்லி அடிக்கிறவங்க அடிக்கலாம், எத்தனை நாளைக்கு மாடு விடக்கூடாதுன்னு டப்பாவுல போட்டிருக்கும், படிச்சுட்டு அடிங்க.

பழம் பிடிக்கிறதுக்கு முன்னாடியே வேலைய முடிக்கணும். கருப்பா பழுத்துட்டா குருவிங்க தின்னுட்டு எங்கயாவது மரத்துல போய் உக்காந்து எச்சம் போடும், அந்த மரத்தடியில எல்லாம் கன்னு முளைக்கும்.

ஜேசிபிகாரங்க கோவிச்சாலும் பரவாயில்ல, ஒரே நாள்ல மொத்தக் காட்டையும் மொட்டையடிக்கிறது முட்டாள்தனம். வெறும் மண்ணைப் பார்த்தா மொதல்ல வந்து உக்கார்றது இதே செடிதான். எவ்வளவு இடத்துல உடனே புல்லு விதைச்சு, அது வேர் பிடிக்கிற வரைக்கும் மாடு விடாம காக்க முடியுமோ அவ்வளவு மட்டும் எடுங்க. எனக்குச் செடி மேல இருக்குற கோவத்தைவிட என் மேல இருக்குற கோவம்தான் அதிகம். அளவுக்கு மீறி மேய விட்டு புல்லை அழிச்சது நான்தானே, அந்தக் காலி இடத்துலதான் இது ஏறுச்சு.

இப்ப புதுசா எந்த உருப்படி வந்தாலும் வயிறு நிறைய வைக்கோல் போட்டு நாலு நாள் கட்டி வச்சுட்டுதான் காட்டுக்குள்ள விடுறேன். வேலியோர மரத்தடியில இன்னும் முளைச்சுக்கிட்டுதான் இருக்கு, இன்னைக்குக் காலையில கூட கையளவு கன்னா ஒரு கூடை பிடுங்குனேன்.