பந்தயம் என்றால் 21 வயது, டிரேடிங் என்றால் 18

போன வாரம் நண்பர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் பையன் போனை நீட்டிக் காட்டினான். வயது 19. அன்றைய என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டத்தில் ஒரு அணி ஜெயிக்கும் என்று 38 சென்ட் வீதம் நூறு காண்ட்ராக்ட் வாங்கி வைத்திருக்கிறான். ஜெயித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர், தோற்றால் பூஜ்யம். "டேய், நியூ ஜெர்சியில் பெட்டிங் கட்ட 21 ஆகணுமே" என்றேன். "இது பெட்டிங் இல்ல அங்கிள், டிரேடிங்" என்றான். நண்பர் என்னைப் பார்த்தார். இது லீகலா இல்லையா என்று நான் சொல்லவேண்டுமாம்.

பையன் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கலே. இப்படி ஆட்டம், தேர்தல் முடிவுகள்மேல் காண்ட்ராக்ட் நடத்தும் கல்ஷி என்கிற நிறுவனம், சிஎஃப்டிசி என்கிற மத்திய ஆணையத்திடம் 2020-இல் எக்ஸ்சேஞ்ச் என்று முறையாக அனுமதி வாங்கியது. கோதுமை, கச்சா எண்ணெய் முன்பேர வணிகத்தை, அதாவது பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் வணிகத்தை, கவனிக்கும் அதே ஆணையம்தான். அந்தச் சந்தைகள் மீதான அதிகாரம் அந்த ஆணையத்துக்கு மட்டுமே என்று மத்திய சட்டம் சொல்கிறது, ஆகவே மாநிலங்கள் தலையிட முடியாது என்பது கல்ஷியின் வாதம். மாநிலங்களோ, பெயரை மாற்றிவிட்டால் சூதாட்டம் சூதாட்டம் இல்லை என்று ஆகிவிடுமா, அதைக் கட்டுப்படுத்துவது காலங்காலமாக எங்கள் வேலை என்கின்றன.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது போலத்தான் எனக்கும் முதலில் பட்டது. பழைய வழக்கைப் படித்த பிறகுதான் மனம் மாறியது. 2010-இல் நிதிச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் டாட்-ஃபிராங்க் சட்டம் வந்தபோது, போர், பயங்கரவாதம், படுகொலை, 'கேமிங்' இவற்றை வைத்து எழுதும் ஒப்பந்தங்களைப் பொதுநலன் கருதித் தடுக்கலாம் என்று ஆணையத்துக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் எந்தக் கட்சி வசம் போகும் என்ற கல்ஷியின் ஒப்பந்தத்தை 2023-இல் ஆணையம் மறுத்தபோது இந்த 'கேமிங்' என்ற சொல்லையும் ஒரு காரணமாகக் காட்டியது. கல்ஷி கோர்ட்டுக்குப் போனது. அங்கே என்ன வாதாடினார்கள் தெரியுமா? தேர்தல் கேமிங் ஆகாது, விளையாட்டு ஆட்டங்களின் முடிவை வைத்து எழுதும் ஒப்பந்தங்களுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும் என்று! 2024 செப்டம்பரில் வாஷிங்டன் நீதிபதி ஜியா காப் கல்ஷி பக்கம் தீர்ப்பளித்தார். சரி, நல்லது. ஆனால் 2025 ஜனவரியில், அதாவது நாலே மாதத்தில், அதே கம்பெனி விளையாட்டு ஒப்பந்தங்களைத் தொடங்கியது. அதோடு விட்டார்களா, ஸ்போர்ட்ஸ் பெட்டிங் 50 மாநிலங்களிலும் சட்டபூர்வம் என்று அவர்களே விளம்பரமும் போட்டார்கள். கோர்ட்டில் டிரேடிங், விளம்பரத்தில் பெட்டிங்.

எங்கள் மாநிலத்துக்கு இது இன்னும் உறைக்கும். 2018-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று ஜெயித்து வந்தது இதே நியூ ஜெர்சிதான். அப்படி ஜெயித்துக் கொண்டுவந்த பந்தயத்திலும், நம்ம ஊர் கல்லூரி அணிகள் மீது பணம் கட்டக்கூடாது என்று வேலி போட்டார்கள். 2021-இல் அந்த வேலியை எடுக்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள், வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். எங்கள் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியின் ஆட்டத்துக்கு இங்கே எந்த பெட்டிங் ஆப்பிலும் பணம் கட்ட முடியாது. டிரேடிங் என்று பெயர் வைத்துவிட்டால் அந்த ஓட்டுக்கு என்ன மரியாதை?

மாநிலங்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிங் ஆப்களின் வருமானத்தில் நியூ ஜெர்சி 19.75 சதவீதம் எடுக்கிறது, நியூ யார்க் 51 சதவீதம். பந்தயக்காரர்கள் வேறு கடைக்குப் போனால் வயிறு எரியத்தான் செய்யும்.

நீதிபதிகளாவது ஒரே குரலில் பேசினார்களா என்றால் அதுவும் இல்லை. 2025 ஏப்ரலில் நெவாடாவிலும் நியூ ஜெர்சியிலும் மத்திய நீதிபதிகள், மாநிலம் கல்ஷிமேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று தடையுத்தரவு கொடுத்தார்கள். ஆகஸ்டில் மேரிலாந்தில் கொடுக்க மறுத்தார்கள். நவம்பரில் நெவாடா நீதிபதி தான் கொடுத்த உத்தரவைத் தானே விலக்கிக்கொண்டார். ஒரே சட்டம், ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ஐந்து பேர் உட்கார வேண்டிய ஆணையத்தில் அந்த வருஷக் கடைசியில் ஒரே ஒருவர்தான் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூத்து. 1955-இல் இரண்டு வியாபாரிகள் சிகாகோவில் வெங்காயத்தை மொத்தமாக வளைத்துப்போட்டு விலையோடு விளையாடினார்கள் என்று 1958-இல் வெங்காய முன்பேர வணிகத்தையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அந்தத் தடை இன்றும் இருக்கிறது. ஆக, யார் அதிபர் ஆவார் என்று டிரேட் பண்ணலாம், வெங்காய விலையை வைத்துப் பண்ணக்கூடாது!

என் கருத்து இதுதான். வட்டி விகிதம், புயல், தேர்தல் இவற்றால் ஒரு வியாபாரிக்கோ விவசாயிக்கோ நிஜமாகவே நஷ்டம் வரும், அதிலிருந்து தப்பிக்க ஒப்பந்தம் வேண்டும் என்றால் இருக்கட்டும், அதை மத்திய ஆணையமே பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எந்த அணி ஜெயிக்கும் என்பது பந்தயம்தான், அது மாநிலச் சட்டத்துக்குள் வரவேண்டும், 21 வயது உட்பட. நண்பரிடமும் அதைத்தான் சொன்னேன். வழக்கு கம்பெனிக்கும் மாநிலங்களுக்கும் நடுவில்தான், உங்கள் பையன்மேல் இல்லை, பயப்படாதீர்கள், ஆனால் ஆப்பில் 'லீகல்' என்று எழுதியிருப்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம் என்று.

அந்த அணி தோற்றது. 38 டாலர் போச்சு. பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அங்கிள், இதை டிரேடிங் லாஸ்னு டாக்ஸ்ல காட்டலாமா, இல்ல பெட்டிங் லாஸ்னு காட்டணுமா?" என்று கேட்டான்.